இதே கலவை

கான்கிரீட் க்யூபுக்கு ஆறு முகம். ஐந்து முகங்களை இரும்பு அச்சு வழவழப்பாக்கி விடுகிறது. ஆறாவதைக் கொத்தனார் கரண்டியால் தேய்த்து விடுகிறார். அது கொஞ்சம் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். உடைக்கும் இயந்திரத்தில் வைக்கும்போது அந்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் பாரம் மேடுகளில் மட்டும் இறங்கும். நல்ல க்யூபும் சீக்கிரம் நொறுங்கும். எண் குறையும். அருகில் நின்று பார்ப்பவருக்கும் ஒன்றும் தெரியாது.

சூஃபியாவுக்குத் தெரியும். இராமநாதபுரத்தில் அந்த ஆய்வகத்தில் ஏழு வருடமாக அவள்தான் க்யூப் உடைக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்று க்யூபுகளை எடுத்துத் துடைத்தாள். சிவப்புப் பெயிண்டில் தேதியும் பெயரும் எழுதியிருந்தது. ஸுஹைர் பில்டர்ஸ், இராமேஸ்வரம் லாட்ஜ். முதல் க்யூபை இயந்திரத்தில் வைத்தாள். கரண்டி முகம் மேலே இருந்தது.

பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் தம்பி ஆதில் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே போர்ட்டிகோவின் சிலாப் ஒரு பக்கமாக இறங்கியது. அவனுக்குப் பதினேழு வயது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாப்பா மஹ்மூது தம்மாமில் பதினெட்டு வருடம் இருந்து கட்டிய வீடு. கட்டி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. கட்டிக் கொடுத்தவர் ஸுஹைர். உம்மா மலிகாவுக்குச் சின்னம்மா மகன். சூஃபியாவுக்கு மாமா.

விழுந்த சிலாபை அவள் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் தூள் இருந்தது. தூளை ஒட்டி முழுசாக ஒரு சிப்பி. விரல் நகம் அளவு.

ஆதிலைச் சுமந்த சந்தூக்குக்கு ஸுஹைர் தோள் கொடுத்தார். அழுதார். பத்தாம் நாள் ஜமாஅத்தில் அவரை விசாரித்தார்கள். சூஃபியா பெண்கள் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"கடல் மண்ணு போட்டேன்னு சொல்றாக. கடக்கரை ஊர்ல எந்த மண்ணுல உப்பு இல்ல? இந்தப் பள்ளிவாசலயே பாருங்க. அம்புட்டும் கடல் கல்லு. கடல் மண்ணு. இருநூறு வருசமா நிக்கலையா? கடல் காத்து அடிக்குது. ஒரு எடத்துல தாங்குது, ஒரு எடத்துல விட்டுருது. அல்லாட நாட்டம். நம்ம கையில என்ன இருக்கு?"

அவர்கள் உட்கார்ந்திருந்ததே அந்தப் பள்ளிவாசலில்தான். சுவர் இரண்டு முழ அகலம். ஒரு கீறல் இல்லை. ஒருவர் தலையாட்டினார். அப்புறம் எல்லோரும் ஆட்டினார்கள்.

வாப்பா குனிந்தபடி இருந்தார். அடுத்த மாதம் தம்மாமுக்குத் திரும்பினார். லீவில் வந்தால் தன் அண்ணன் வீட்டில் தங்குகிறார்.

அன்று சூஃபியாவிடமும் பதில் இல்லை. பள்ளிவாசல் ஏன் நிற்கிறது, தன் வீடு ஏன் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பி.காம். முதல் வருடத்தை விட்டாள். சிவில் டிப்ளமோ சேர்ந்தாள். ஊரில் சிரித்தார்கள். சிமெண்டு மூட்டை தூக்கப் போறியா என்று உறவுக்காரி ஒருத்தி கேட்டாள். ஆமா என்றாள்.

இரண்டாம் வருடம், கட்டுமானப் பொருட்கள் வகுப்பு. இருபது நிமிடத்தில் பதில் கிடைத்தது. கடல் கல்லையும் சுண்ணாம்பையும் உப்பு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. இரும்பைத் தின்னும். துருப்பிடித்த இரும்பு ஊதும். ஊதும்போது சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். வெளியே கீறல் தெரியும்போது உள்ளே பாதிக் கம்பி போயிருக்கும்.

பள்ளிவாசலில் கம்பி இல்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜமாஅத்தில் சொன்னால் மூணு வருசம் கழிச்சு என்னம்மா என்பார்கள். சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வரும்வரை வைத்துக்கொண்டாள்.

ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாவட்டம் முழுக்க இருந்து க்யூப் வந்தது. உப்பூரிலிருந்து வந்தது. காரங்காட்டிலிருந்து வந்தது. ஸுஹைரிடமிருந்து வரவில்லை. ஊர்ப்பக்கம் வீடு கட்டுகிறவர்கள் யாரும் க்யூப் போட்டுப் பார்ப்பதில்லை. அவர் ஒன்றன்பின் ஒன்றாக வீடு கட்டினார். பெயர் பெரிதாயிற்று. இராமேஸ்வரத்தில் மூன்று மாடி லாட்ஜ் வேலை கிடைத்தது. லாட்ஜ் முதலாளிக்குக் கடன் கொடுத்த பேங்க் சோதனை அறிக்கை கேட்டது. அதனால்தான் வந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஆட்டோவில் க்யூப் வந்து இறங்கியது. கூட வந்தவர் இருளாண்டி, ஸுஹைரின் மேஸ்திரி. ஆட்டோ டிரைவர் க்யூபை இறக்கும்போது கூடவே நின்று அதட்டினார்.

"ஏலே, பாத்துலே. பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரித் தூக்கு."

"ஒடைக்கத்தானே கொண்டு வந்திருக்கீக?" என்றாள் சூஃபியா. "எதுக்கு இம்புட்டுப் பதனம்?"

"நீங்க ஒடைச்சாத்தானம்மா நம்பரு வரும். இவன் ஒடைச்சா இவனுக்கு அடிதான் வரும்." க்யூபை உள்ளங்கையால் தட்டினார். "இதக் கேளுங்க, மணி மாதிரி. இத வச்சு அணையே கட்டலாம்."

பின்னால் ஸுஹைர் காரிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அவளைப் பார்த்ததும் நின்றார்.

"மலிகா ராத்தா மகளா நீ? இங்கனயா வேல பாக்குற? உங்க உம்மா சொல்லவே இல்ல பாரு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாக மாமா."

அவர் சிரித்தார். இருளாண்டியிடம் திரும்பினார். "நம்ம புள்ளதான்யா. இனி பயமில்ல."

சூஃபியா மாதிரிப் படிவத்தை எடுத்தாள். அதில் கட்டடத்தின் எந்த உறுப்புக்கான கலவை என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலும் காலியாகவே வரும். கையெழுத்தும் ஆட்டோக்காரர்தான் போடுவார். யாரும் கேட்பதில்லை. அவள் பேனாவை ஸுஹைரிடம் நீட்டினாள்.

"எந்தத் தூணுக்குப் போட்டதுல எடுத்தீக மாமா?"

ஸுஹைர் இருளாண்டியைப் பார்த்தார். இருளாண்டி கூரையைப் பார்த்தார். "ஏழாம் நம்பருன்னு போடுங்க," என்றார்.

"உங்க கையால எழுதிருங்க. மத்த தூணு, தளம் எல்லாம்?"

"எல்லாம் இதே கலவைதான்."

"அதயும் எழுதிருங்க. பேங்குல கேப்பாக."

அழகான கையெழுத்து அவருக்கு. மதரஸாவில் ஓதியவர். நிதானமாக எழுதினார். தூண் 7, முதல் தளம். மற்ற எல்லாவற்றுக்கும் இதே கலவை. கீழே பெயர், தேதி.

"உம்மா எப்படி இருக்காக?"

"இருக்காக மாமா."

"சலாம் சொன்னேன்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை.

இப்போது விரல் பொத்தானில் இருந்தது. கரண்டி முகம் மேலே. அழுத்தினால் இருபத்தைந்து வர வேண்டிய இடத்தில் பதினெட்டோ பத்தொன்பதோ வரும். தோல்வி என்று எழுதலாம்.

அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று யோசித்தாள். ஸுஹைர் மறுப்பார். வேறு ஆய்வகத்துக்குப் போவார். இருளாண்டி இன்னும் மூன்று க்யூப் போடுவார். அவை நன்றாக நிற்கும். பழைய பகையை மனசில் வைத்து மாற்றி எழுதிவிட்டாள் என்று ஊர் சொல்லும். அது உண்மையாகவும் இருக்கும். மறுபடி எல்லோரும் தலையாட்டுவார்கள்.

க்யூபைத் தூக்கித் திருப்பினாள். கரண்டி முகம் பக்கவாட்டுக்குப் போனது. பொத்தானை அழுத்தினாள்.

பாரம் ஏறியது. ஐந்நூறு கிலோநியூட்டன், அறுநூறு. வழக்கமாக எழுநூறு தாண்டியதும் முனகல் கேட்கும். கேட்கவில்லை. தொள்ளாயிரம். ஆயிரம். ஆயிரத்து எண்பதில் துப்பாக்கி வெடித்ததுபோல் உடைந்தது.

எம்25 கலவைக்கு இருபத்தைந்து வர வேண்டும். ஒழுங்கான வேலையில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வரும். பாரத்தை முகத்தின் பரப்பால் வகுத்தால் இது நாற்பத்தெட்டு. இரண்டாவது நாற்பத்தேழு. மூன்றாவது மறுபடி நாற்பத்தெட்டு.

உடைந்த துண்டைக் கையில் எடுத்தாள். ஆற்று மணல். எங்கேயோ மிச்சம் கிடந்ததைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். சிமெண்ட் இரண்டு மடங்குக்குக் கிட்டத்தில் இருக்கும். ஒரு சிப்பி இல்லை. சோதனைக்கென்று பயந்தவன் தனியாகப் பிசைந்த கலவை. பயத்தில் அளவு கூடிவிட்டது.

சூஃபியா வெளியே போய் முகம் கழுவினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளுக்குப் பசித்தது.

மூன்று எண்களையும் உள்ளபடி எழுதினாள். குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்தாள். எம்25 கலவைக்கு இந்த வலிமை வழக்கத்தைவிட மிக அதிகம், தூண் ஏழிலிருந்தே மாதிரி எடுத்து ஒப்பிடுவது நல்லது.

ஆய்வகப் பொறியாளர் வீரபத்திரன் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியில் நின்றார். அரசு வேலையில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். அவசரப்பட மாட்டார்.

"பாஸ் ஆன க்யூபுக்கு எதுக்கும்மா குறிப்பு?"

"நான் எழுதினதுல பொய் இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும் சார்."

"ஸுஹைர் உனக்குச் சொந்தக்காரருன்னு இருளாண்டி சொன்னான்."

"ஆமா சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "தூணத் தொளச்சுக் கோர் எடுக்கச் சொன்னாங்கன்னா மெஷின்ல நான் நிப்பேன்," என்றார். "நீ தொடாத. உன் நல்லதுக்குத்தான்."

"நானே அதக் கேக்கணும்னு இருந்தேன் சார்."

மறுநாள் லாட்ஜ் முதலாளி வீரமணி போன் செய்தார். மதுரையில் இரண்டு லாட்ஜ் நடத்துகிறவர்.

"பாஸ்தானம்மா?"

"பாஸ் சார். ரொம்பப் பாஸ்."

"கூட வந்தா நல்லதுதான? கீழ ஏதோ எழுதியிருக்கீங்க. பேங்குக்காரன் அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"அஞ்சு ரூவா இட்லி வாங்குறீங்க சார். பிட்டுப் பாத்தா உள்ள முந்திரி. நல்லதுதான். ஆனா கடைக்காரர் ஏன் வச்சாருன்னு கேப்பீங்கல்ல?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அடுத்த இட்லியப் பிட்டுப் பாக்கணும்ங்குறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல சார். ஏழாம் தூணுன்னு அவரே எழுதியிருக்காரு. எல்லாத்துக்கும் இதே கலவைன்னும் எழுதியிருக்காரு."

அடுத்த வாரம் கோர் எடுக்கும் இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு பாம்பன் தாண்டினார்கள். லாட்ஜ் தெரு முழுக்க ஈரத்துணியோடு யாத்திரைக்காரர்கள். கட்டடம் இரண்டு மாடிக்கு எலும்பாக நின்றது. சாம்பல் நிறம். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஸுஹைர் முன்னாலேயே வந்திருந்தார். வீரமணி குடைக்குக் கீழே நின்றார். ஸுஹைர் சூஃபியாவை ஓரமாக அழைத்தார்.

"நாற்பத்தெட்டு வந்திருக்கு. அதுக்கு மேல எதுக்கும்மா தூணுல ஓட்டை போடணும்?"

"பேங்குல கேக்குறாக மாமா."

"நீ எழுதுனதாலதான கேக்குறாக."

"நாற்பத்தெட்டு வந்ததாலதான் எழுதுனேன்."

வீரபத்திரன் இயந்திரத்தைத் தூணில் பொருத்தினார். வைரப்பல் வைத்த குழாய் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு உள்ளே இறங்கியது. நல்ல தூணில் அரை மணி நேரம் பிடிக்கும். இதில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உருளையாகக் கழன்று வந்த கான்கிரீட்டை அவர் ஒரு பலகையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

வீரமணி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார்.

"என்ன பாய் இது? சிமெண்டா, நண்டுக் குழம்பா? ஓடெல்லாம் கெடக்கு."

வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள். ஒன்று முழுசு. அவர் நகத்தால் கீறினார். மணல் உதிர்ந்தது.

ஸுஹைர் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

"சார், இது தீவு. இங்க சுத்தி உப்பு. காத்துல உப்பு, தண்ணியில உப்பு. எங்க ஊர்ல வந்து பாருங்க, பள்ளிவாசல் இருக்கு. அம்புட்டும் கடல் கல்லு, கடல் மண்ணு. இருநூறு வருசம் தாண்டி நிக்குது. ஒரு கீறல் காட்டுங்க, நான் இந்த வேலைய விட்டுர்றேன்."

அதே பள்ளிவாசல், அதே கடல் கல். பதினோரு வருடத்தில் ஒன்றுகூட மாறவில்லை. வீரமணி யோசிப்பது தெரிந்தது. தலை லேசாக ஆடத் தொடங்கியது.

"அதுல கம்பி இல்ல மாமா," என்றாள் சூஃபியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பள்ளிவாசல்ல ஒரு எடத்துலயும் கம்பி கெடையாது. கல்லு கல்லு மேல ஒக்காந்திருக்கு. அந்தக் கல்ல உப்பு என்ன செய்யும்? இந்தத் தூணுல எட்டுக் கம்பி இருக்கு. உப்பு அதத்தான் தேடிப் போகும். தின்னுட்டு ஊதும். ஊதுனா வெடிக்கும். நான் படிச்சதுல முதல்ல மனசுல பதிஞ்சது அதுதான்."

"கடல் காத்து பட்டா எல்லாக் கம்பியும்..."

"கட்டி ரெண்டு மாசம்கூட ஆகல. தூணுக்கு நடுவுல காத்து எப்படி மாமா போச்சு? சிப்பியையும் காத்துதான் கொண்டு வந்துச்சா?"

அவர் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார்.

வீரபத்திரன் உருளையை நடுவில் பிளந்தார். பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து உடைந்த பக்கத்தில் தெளித்தார். உப்பில்லாத கான்கிரீட் என்றால் அந்த மருந்து பட்டதும் பழுப்பாகும். இது வெளுத்தது. ஓரத்திலிருந்து நடுவரை ஒரே வெள்ளை.

"வெள்ளையடிச்ச மாதிரில்ல இருக்கு," என்றார் இருளாண்டி. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

வீரமணி சட்டைப்பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்தார்.

"இதே கலவைன்னு எழுதியிருக்கீங்க பாய். எது இதே?"

ஸுஹைர் இருளாண்டியைப் பார்த்தார். இருளாண்டி இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை.

"சாந்து அரைச்சது நான் சார்," என்றார். "மண்ணு எறக்குனது அவுக. நாக்குல வச்சுப் பாத்துட்டு அன்னைக்கே சொன்னேன், கரிக்குதுன்னு. நான் கொத்தன். சொல்லத்தான் முடியும்."

ஏழாம் தூணில் மூன்று, மேல் தளத்தில் மூன்று. ஆறு உருளைகளையும் வீரபத்திரன் தானே உடைத்தார். சராசரி பதின்மூன்று. சூஃபியா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எண்ணை அவர்தான் எழுதினார்.

பரிந்துரை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"தூணச் சுத்திப் புதுக் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தலாம்னு எழுத வழி இருக்கு," என்றார். "கொஞ்ச வருசம் ஓடும். உப்பு உள்ளயே இருக்கும், அது வேற. இடிக்கச் சொல்லி எழுதுனா இந்த ஆளு முடிஞ்சாரு. நீ என்ன சொல்ற?"

"எந்தத் தூணுக்குக் கீழ யாரு நிப்பாகன்னு சொல்லுங்க சார். அவுக நிக்காத தூண மட்டும் பலப்படுத்தலாம்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "நாளன்னைக்கு எழுதுறேன்," என்றார். அப்போது புதன்கிழமை மாலை.

அன்று அவள் பேருந்துக்கு நிற்கும்போது ஸுஹைரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். அத்தர் வாசனை இல்லை.

"என்ன எழுதப் போறாக?"

"இன்னும் எழுதல மாமா."

"பலப்படுத்தலாம்னு எழுத முடியும்னு வெளியில விசாரிச்சேன். எழுதுனா வீரமணி ஒத்துக்குவாரு. இல்லன்னா எனக்கு இனி ஒருத்தன் செங்கல் எடுத்துக் குடுக்க மாட்டான்." அவர் சாலையைப் பார்த்தபடி பேசினார். "நீ சொன்னா அந்த மனுசன் கேப்பாரு."

அவள் பேருந்து வரும் பக்கம் பார்த்தாள்.

"ஆதில் விசயத்துல என் மேல உனக்குக் கோவம் இருக்கும். எனக்கும் தூக்கம் இல்லம்மா. உங்க உம்மாகிட்ட வந்து சொல்லிர்றேன். ஜமாஅத்துல சொன்னது சரியில்ல, தப்பு என்னதுதான்னு. நீ இத மட்டும் பாத்து முடிச்சுக் குடு."

பேருந்து வந்தது.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வாங்க," என்றாள். "நீங்க சொல்லுங்க மாமா. நான் என் வேலையப் பாக்குறேன்."

அவர் அவள் தலையில் கை வைக்க வந்தார். அவள் பேருந்தில் ஏறிவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி, உப்பு, பள்ளிவாசல், கோர், வெள்ளை, அவர் கேட்டது, தான் சொன்னது. உம்மா ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டு ஒரு சொல் சொன்னாள். தட்டைக் கழுவ எழுந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஸுஹைர் வந்தார். அந்த வீட்டில் இப்போது போர்ட்டிகோ இல்லை. தளத்தையும் எடுத்துவிட்டு ஓடு வேய்ந்திருந்தார்கள். வாசலில் வெயில் நேராக விழும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உம்மா எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள். சூஃபியா சுவரோரம் நின்றாள்.

"ராத்தா," என்றார். "அன்னைக்கு நான் ஜமாஅத்துல சொன்னது..."

"எந்த மண்ணு ஸுஹைரு?" என்றாள் உம்மா.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"கரை மண்ணு ராத்தா."

"எங்கன அள்ளுன?"

"நம்ம கரையிலதான். டிராக்டர் வச்சு."

"கழுவுனியா?"

"இல்ல."

"தண்ணி?"

"இங்கன போர்த் தண்ணி. சவரு, உப்புக் கரிக்கும்."

"தெரிஞ்சா செஞ்ச?"

ஸுஹைர் சூஃபியாவைப் பார்த்தார். அவள் தலையை அசைக்கவில்லை.

"தெரியும்," என்றார். "கம்பிக்கு ஆகாதுன்னு தெரியும். ஆனா ஆறு வருசத்துல விடும்னு அல்லா மேல ஆணையாத் தெரியாது ராத்தா. இருபது வருசம் நிக்கும்னு நெனச்சேன்."

உம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இருபது வருசம்னா," என்றாள், "ஆதிலோட புள்ள நின்னுருக்கும் கீழ."

மின்விசிறி சுற்றியது. தெருவில் மீன்காரர் ஒருவர் சீலா, சீலா என்று கூவிக்கொண்டு போனார். ஸுஹைர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார். அப்புறம் சூஃபியா பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டேம்மா. என் பாரம் எறங்கிருச்சு. இனி நீ அத எழுதச் சொல்லிரு."

"எழுதியாச்சு மாமா."

"பலப்படுத்தலாம்னுதான?"

"இடிக்கணும்னு. ரெண்டு தளமும், எல்லாத் தூணும். முந்தாநேத்து ராவே சாருக்குப் போன் பண்ணேன். இன்னைக்குக் காலையில கையெழுத்துப் போட்டாரு. ஒம்போது மணிக்கு ஓனருக்கும் பேங்குக்கும் போயிருச்சு."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார்.

"ஒம்போது மணிக்கா? அப்ப என்னைய எதுக்கு வரச் சொன்ன?"

"நீங்கதான வாரேன்னு சொன்னீக."

"பஸ் ஸ்டாப்புல நீ சொன்னது..."

"நீங்க சொல்லுங்க, நான் என் வேலையப் பாக்குறேன்னு சொன்னேன். பாத்துட்டேன்."

அவர் உம்மாவிடம் திரும்பினார். குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

"ராத்தா, ஜும்ஆ தொழுதுட்டு நேரா வாரேன். வாய் தொறந்து தப்ப ஒத்துக்கிட்டேன். இப்படி ஏமாத்த விடலாமா புள்ளைய?"

"அவ ஏமாத்தல," என்றாள் உம்மா. "நீ வாரதுக்கு முன்னாடியே அது போயிரணும்னு சொன்னது நான்தான்."

"நீங்களா?"

"நீ வந்து அழுவன்னு எனக்குத் தெரியும். சின்னதுலயே நீ அழுதா நான் எளகிருவேன். என் மிட்டாயெல்லாம் அப்படித்தான் போச்சு. அதான் பயந்தேன். அதுக்கு முன்னால போயிரட்டும்னு சொன்னேன்."

அவள் எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தேவையில்லாம பயந்துட்டேன். எளகல."

ஸுஹைர் எழுந்தார். வாசலுக்குப் போனார். வெயிலில் நின்று செருப்பைத் தேடினார். அது காலுக்கு முன்னால்தான் கிடந்தது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக் கொடுக்கவில்லை. அங்கே இருக்கிறது என்று சொல்லவும் இல்லை.